போன் கழிக்கும் நாள்

கரட்டுப்புதூரில் முதல் முட்டையை இட்டது காளியண்ணனின் போன்தான் என்பதில் எங்களுக்குள் தகராறு கிடையாது. ஊரிலேயே மூத்த போன் அதுதான். கண்ணாடி நாலாகப் பிளந்து, பின்மூடி வாயைத் திறந்து, இடுப்பில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கப்பட்டு, பேட்டரி உப்பிப்போனதால் சமதளத்தில் வைத்தால் தொட்டில்போல ஆடிக்கொண்டே கிடக்கும் அந்தப் போன், ஆடி மாதத்தில் ஒரு காலை, டிவி ஸ்டாண்டின் மேல் சார்ஜர் ஒயரோடு படுத்திருந்த இடத்திலேயே, காடை முட்டை அளவில் வெதுவெதுப்பாக ஒரு வெள்ளை முட்டையை இட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மணி ஆறரை என்று காட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்து யாரும் வாயில் கை வைக்கவில்லை. நாமக்கல் பக்கம் வந்து போனவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் ஆள் கொஞ்சம், கோழி லட்சம். முட்டை கிடக்காத இடத்தைத்தான் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். காளியண்ணனின் வீட்டுக்காரி பாவாயி, மனுசன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை இங்கே வைத்து மறந்துவிட்டார் என்று நினைத்து, அதை எடுத்துத் தோசைக்கல்லின் விளிம்பில் தட்டினார். வெள்ளையும் வரவில்லை, மஞ்சளும் வரவில்லை. ரெண்டு வருசத்துக்கு முந்தைய தீவன லாரிக்காரரின் குரல் வந்தது. "அண்ணா, ராசிபுரம் தாண்டிட்டனுங், வந்தர்றனுங்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் டீசல் வாடையோடு கல்லின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கிப்போனது. பாவாயி அடுப்பை அணைத்தார்.

"இது வேவாதுங்க," என்றார்.

பத்து நாளைக்குள் பாதி ஊர்ப் போன்கள் இட ஆரம்பித்துவிட்டன. வேறு ஊராக இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள், பூசாரியையோ புரொபசரையோ கூட்டிவந்திருப்பார்கள். நாங்கள் வாரத்துக்கு எத்தனை என்று கேட்டோம். ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூளைப் போனின் அடியில் தூவிப் பார்த்தோம். ஷெட்டில் விடியுமுன்னே விளக்கைப் போட்டுக் கோழியை ஏமாற்றுகிற மாதிரி, போனிலேயே இருக்கிற டார்ச்சைப் போட்டு அதை அதுவே ஏமாற்றிக்கொள்ளும்படி செய்தோம். கடைசியில் காடை முட்டை அட்டைகளை வாங்கி, குரல் முட்டைகளை அடுக்கி, ஈரம் படாத அலமாரியில் வைக்கப் பழகினோம். முட்டைக்குள் இருந்தது, அந்தப் போன் எப்போதோ கேட்ட பேச்சு. நாம் கேட்டோமா இல்லையா என்பது அதற்கு முக்கியமில்லை, அது கேட்டிருந்தால் போதும். உடைத்தால் ஒரே ஒரு தடவை வரும், பேசப்பட்ட இடத்தின் வாடையோடு வரும், போய்விடும்.

வந்ததில் முக்கால்வாசி குப்பைதான். கடன் வேண்டுமா சார் என்று கேட்கிற ஒரு பெண்ணின் குரல் வீட்டுக்கு வீடு வந்து, கொஞ்ச நாளில் அவள் எங்கள் ஊர் மருமகள் மாதிரியே ஆகிப்போனாள், "வேண்டாங் கண்ணு, சாப்டியா?" என்று கேட்டு அனுப்பிவைக்கும் அளவுக்குப் பெண்களுக்கு அவள் பேரில் பிரியம் வந்துவிட்டது. கேஸ் புக்கிங் செய்யும் இயந்திரக் குரலை உடைத்தவர்கள் எண் ஒன்றை அழுத்த இடம் தேடித் தவித்தார்கள். அடுத்தவர் முட்டையை உடைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் சீக்கிரமே வந்தது. வடக்குத் தெருவில் ஒரு மாமியார், மருமகளுடைய முட்டையை ஆசைப்பட்டு உடைத்து, தன் மகன் தனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை அவன் வாயாலேயே கேட்டுவிட்டார். அந்த வீட்டில் இன்றைக்கும் ரெண்டு அடுப்பு எரிகிறது.

அதுவரைக்கும் போனை எப்போது மாற்றுவது என்பதற்கு எங்களிடம் ஒரு முறையும் இருந்ததில்லை. தண்ணித் தொட்டியில் விழுந்தால் மாற்றினோம், திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்த மச்சான் புதுசு ஒன்றைச் சட்டைப்பைக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தால் மாற்றினோம், சும்மா கை அரித்தாலும் மாற்றினோம். இப்போது பண்ணைக்கணக்கு வந்துவிட்டது. ரெண்டு வயசு வரை போன் இடாது, மூன்றாவது வயதில் உச்சம், அதற்குப் பிறகு இறக்கம். ஆகவே இறங்குகிற வரை வைத்திருந்து அப்புறம் கழிப்பது என்று கோழிக்குப் பேசுகிற அதே வாயால் போனுக்கும் பேசினோம். இதில் நொந்துபோனவர்கள் ரெண்டு பேர். ஒருவர் பஸ் ஸ்டாப்பில் மொபைல் கடை வைத்திருக்கும் அன்வர் பாய். கடைத் திறப்பு விழாவுக்குக் கட்டிய பலூன் வற்றிச் சுருங்கியும் ஒரு வியாபாரம் இல்லை. இன்னொருவர் பண்ணையாளர் சங்கத்துச் செயலாளர் தனசேகர். தீபாவளிக்குத் தீபாவளி போனை மாற்றி, கேமரா பக்கம் ஊருக்குத் தெரிகிற மாதிரியே காதில் வைத்துப் பேசுகிறவர். அவர் வீட்டில் ஒரு முட்டைகூட விழவில்லை. டீக்கடையில் யாரோ, "குஞ்சாவே மாத்திக்கிட்டிருந்தா எப்படிய்யா இடும்?" என்று சொல்லப்போக, தனசேகர் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

காளியண்ணன் சங்கத்துத் தலைவர். கறாரான ஆள். முட்டையை வைத்துப் பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது, காலையில் விழுந்தது மத்தியானம் லாரி ஏறிவிட வேண்டும். எண்பது வாரம் ஆனால் மொத்த பேட்ச்சையும் ஒரே நாளில் கறிக்கு லாரி ஏற்றிக் கழித்து, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்படித்து, காயவிட்டு, அப்புறம்தான் புதுக்குஞ்சு. பழைய கோழி ஒன்று இருந்தாலும் நோயைக் கொண்டுவந்து புதுசுக்குக் கொடுத்துவிடும் என்று அவர் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. ஒரு தடவை பாவாயி, கால் விந்துகிற ஒரு கோழியை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு, காளியண்ணன் அதையும் தூக்கி லாரியில் ஏற்றினார். பாவாயி கொல்லிமலை அடிவாரத்து ஊர்க்காரர், நாட்டுக்கோழிகளோடு வளர்ந்தவர். அந்த லாரி போன திசையை அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட காளியண்ணன் காலையில் போன் இட்ட முட்டையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு தீவன அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றையாக உட்கார்ந்து உடைக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை ஊரில் எல்லோரும் அறிவோம், யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசமாட்டோம்.

அவருடைய ஒரே மகள் கோகிலவாணி. ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு ஊர், வேறு சனம். கட்டிக்கொண்ட மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டாள். காளியண்ணன் பச்சைப் பட்டனை அழுத்தினார், "அப்பா" என்று கேட்டதும் போனைத் தீவன மூட்டையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். கட் செய்யவில்லை. ஷெட்டின் அந்தக் கோடி வரை நடந்து, எல்லாத் தண்ணிக் குழாயையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தபோதும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அத்தனை நேரமும் மூட்டையோடு பேசியிருக்கிறாள். அவர் எடுத்துக் காதில் வைப்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை, வருசம் நாலாகிறது.

பாவாயிக்குத் தனியாக ஒரு பட்டன் போன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதில் மகளோடு பேசுவார். அந்த நேரம் காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு தடவை மட்டும், எங்கோ பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அவள் என்னதான் சொன்னாளாம் என்று கேட்டிருக்கிறார். பாவாயியும் மகளிடம் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சொன்னதை அப்பாதான் கேட்கணும், உனக்கெதுக்கு என்று வாணி சொல்லிவிட்டாள்.

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க," என்றார் பாவாயி.

"என்ன சொன்னான்னு தெரியாம எதுக்குன்னு பதில் சொல்றது? அவ அழுதிருந்தா ஒண்ணு சொல்லோணும், என்னைய வைஞ்சிருந்தா ஒண்ணு சொல்லோணும்."

அதனால்தான் காளியண்ணன் போனை மாற்றாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார் என்றும் சொல்ல முடியாது, அப்போது முட்டை வரும் என்று யாருக்குத் தெரியும்; ஆனால் கைக்குள் வைத்திருந்த ஒன்று மகளுடைய கடைசிப் பேச்சைக் கேட்டிருக்கிறது, தான் கேட்கவில்லை என்பது அவருக்கு உள்ளூர எங்கோ தெரிந்திருக்க வேண்டும். இப்போது தினமும் ஒரு முட்டை. ஒருநாள் கடன்காரப் பெண், ஒருநாள் ராங் நம்பர், ஒருநாள் முட்டை விலை அறிவிப்பு, ஒருநாள் வாணியே வந்தாள், கல்லூரிக் காலத்து வாணி, பஸ் இரைச்சலுக்கு நடுவில் "அப்பா, தொப்பூர் வந்தாச்சுங்ப்பா" என்றாள். அன்றைக்குக் காளியண்ணன் தீவன அறையை விட்டு வெளியே வர நேரமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் ஊரில் ஒரு கோளாறு ஆரம்பித்தது. வெளியூர் மச்சான்கள் கொண்டுவந்து கொடுத்த புதுப் போன்கள், பழசுகளோடு ஒரே அலமாரியில் கிடந்த தோஷத்தால் பருவத்துக்கு முன்னாலேயே இட ஆரம்பித்து, எல்லாம் ஓடில்லாத தோல்முட்டைகளாக விழுந்தன. அவை எடுப்பதற்குள் தாமாகவே உடைந்து, பேசி முடியாத பாதிச் சொற்கள் தரையெங்கும் சிந்தி, மிதித்தவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு ஊர் முழுக்கப் பரவின. டீக்கடைப் பக்கத்துச் சந்தில் நடந்தால் "நாளைக்குக் கண்டிப்", "என்னன்னா அவரு", "ஆனா நான்" என்று செருப்படியில் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே சமயம் பழைய போன்கள் இடுவதை நிறுத்தின. மணி அடிக்கவில்லை. தொட்டால் காய்ச்சல்போலச் சுட்டன. சார்ஜ் போட எடுத்தால் கையில் சுரீரென்று ஒரு கடி. இறக்கம் முடிந்துவிட்டது, ஓய்ந்துவிட்டன என்று எங்களுக்குத் தோன்றியது. எங்கள் ஷெட்டில் ஓய்ந்த கோழி என்றால் ஓய்ந்த கோழிதான், அதற்கு வேறு பொருள் கிடையாது.

சங்கக் கூட்டத்தில் தனசேகர் எழுந்தார். முகத்தில் மூணு மாதமாகக் காணாமல் போயிருந்த களை திரும்பியிருந்தது. "புதுசும் பழசும் ஒண்ணா கெடந்தா நோவு வராம என்ன பண்ணும்? தலைவர் கோழிக்குச் சொன்னதுதானுங், போனுக்கும் அதேதான். ஒரே நாள்ல மொத்த ஊரும் கழிச்சரோணும். ஊரைக் கழுவி உட்டுட்டுப் புதுசு எறக்கோணும்." அன்வர் பாய் எக்ஸ்சேஞ்ச் வேன் ஒன்றை வரச்சொல்வதாகச் சொன்னார். யாருக்கு மறுப்பு என்று கேட்டபோது எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தோம். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்; காரணம் சொல்ல வேண்டுமானால் மூட்டையின் மேல் கவிழ்த்து வைத்ததைச் சொல்ல வேண்டும். அவர் ஒப்புதலுக்குக் கையைத் தூக்கினார். அடுத்த புதன்கிழமை கழிக்கும் நாள் என்று முடிவானது.

அந்த ஒரு வாரமும் காளியண்ணன் செய்யாத வித்தை இல்லை. கிளிஞ்சல் தூளைக் குவியலாகக் கொட்டினார். டார்ச்சைப் போட்டார், அணைத்தார். முட்டைக்கோழிக்குக் கொடுக்கும் வைட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சார்ஜர் துளையில் விடப்போனவரைப் பாவாயிதான் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்வர் பாயிடம் தூக்கிக்கொண்டு போனார். பாய் அதைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, வயிறு இந்த அளவுக்கு உப்பினால் வெடிக்கவும் வெடிக்கும், இதைத் தலைமாட்டில் வைக்காதீர்கள், இந்த ஊரில் முதலில் மாற்ற வேண்டிய போன் உங்களுடையதுதான் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். காளியண்ணன் அதைத் திரும்பக் கொண்டுவந்து டிவி ஸ்டாண்டில் அதே இடத்தில் வைத்தார். போன் ஒருமுறை ஆடி, சரிந்து, அசையாமல் உட்கார்ந்தது.

புதன்கிழமை காலை வேன் வந்துவிட்டது. மேலே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு நின்று, கழிவுக்கோழி ஏற்றுகிற கூண்டுகளிலேயே பழைய போன்களை வாங்கிப் போடுவதாக ஏற்பாடு, தலைவர் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. தனசேகர் வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கி வாசலில் நின்றார், பின்னால் நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் போன்களோடு நின்றோம். காளியண்ணன் உள்ளே போய் போனைத் தூக்கினார். அடியில் ஒரு முட்டை இருந்தது.

அது மற்ற முட்டைகளைவிடக் கொஞ்சம் பெரிது, லேசான காவி நிறம். இட்டு எத்தனை நாளானதோ, போன் அதன்மேல் அசையாமல் கிடந்திருக்கிறது. காளியண்ணனுக்கு அது எந்த முட்டை என்று கேட்காமலேயே தெரிந்துவிட்டது. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முட்டையை எடுத்து, ஸ்டாண்டின் விளிம்பில் தட்டக் கையை ஓங்கினார்.

"உடைச்சராதீங்க," என்றார் பாவாயி.

சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதால் காளியண்ணனின் கை அப்படியே நின்றது.

"இத்தனை நாள் இதுக்குத்தான் காத்துக் கெடந்தேன் பாவாயி."

"உடைச்சா அன்னிக்குப் பேசுனது வரும். ஒரு தடவை கேப்பீங்க, அது போயிரும். அப்பறம் என்ன பண்ணுவீங்க?" அவர் கிட்டே வந்து போனின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "இது ஓயலைங்க. அடையில உக்காந்திருக்குது. ஊரே லட்சம் கோழி வெச்சிருக்கீங்க, அடைக்கோழின்னா என்னன்னு ஒருத்தருக்கும் தெரியலை."

அது உண்மைதான். எங்கள் கூண்டுக் கோழிகள் அடையில் உட்காராது, உட்காரத் தெரியாத சாதியாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம். சேவல் என்பதையே நாங்கள் திருவிழாவில்தான் பார்ப்போம். முட்டை என்றால் தட்டுக்கு, இல்லையென்றால் அட்டைக்கு என்று தெரியும், ஆனால் அதை விட்டுவைத்தால் ஏதாவது வரும் என்ற நினைப்பு ஊரில் ஒருவருக்கும் வந்ததில்லை. இத்தனை ஆயிரம் குரல் முட்டைகளை உடைத்துத் தீர்த்துவிட்டோம்.

"வெச்சா என்ன வரும்?" என்று கேட்டார் காளியண்ணன்.

"தெரியாதுங்க. மூணு வாரம் ஆகும். கூமுட்டையாவும் போயிரலாம்."

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. தனசேகர் எட்டிப் பார்த்து, "தலைவரே, நேரமாச்சுங்," என்றார். காளியண்ணன் உள்ளங்கையில் இருந்த முட்டையைப் பார்த்தார். அதற்குள் அவர் கேட்காமல் விட்டது அத்தனையும் இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். வாழ்நாளில் ஒரு முட்டையை மத்தியானத்தைத் தாண்டி வைத்திருக்காத மனுசன். அவர் அதைப் பூப்போல இருந்த இடத்திலேயே வைத்து, போனைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார். போன் கொஞ்சம் ஆடி, இடம் பார்த்து, அமர்ந்துகொண்டது. அப்புறம் அவர் வாசலுக்கு வெறுங்கையோடு வந்தார்.

"என்னுது அடையில இருக்குது. குடுக்கறதுக்கில்லை."

"கட்டுப்பாடு நீங்க போட்டதுங்," என்றார் தனசேகர்.

"ஆமா. தப்பாப் போட்டுட்டேன்."

சங்கத்துத் தலைவர் இப்படிப் பேசிக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. பிறகு வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி தன் கையில் இருந்த போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள், முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். வேன் தெருத்தெருவாக ஒலிபெருக்கியைக் கத்தவிட்டுக்கொண்டு போய், கடைசியில் ஒரே ஒரு போனோடு ஊரைவிட்டுக் கிளம்பியது. அது தனசேகருடையது. வந்த வேனை வெறுமனே அனுப்பக் கூடாது என்று அவர் போன தீபாவளிக்கு வாங்கியதைக் கொடுத்துப் புதுசு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கரட்டுப்புதூரில் போன் கிடையாது. அட்டைகளில் உடைக்காமல் மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச முட்டைகளை அவரவர் போனுக்கு அடியில் வைத்தோம், அடையில் இருப்பதை அசைக்கக் கூடாது என்று பாவாயி சொல்லிவிட்டார். வெளியில் சொல்ல வேண்டியதை நடந்துபோய்ச் சொன்னோம், சொல்லப்போன இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தோம், சில பேர் சொல்லப்போனதை மறந்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தோம். அடை கலைந்துவிடும் என்று கட்சிக்காரர்கள் வீட்டில்கூடச் சத்தமாகப் பேச்சில்லை. அன்வர் பாய் கடைக் கண்ணாடிப் பெட்டியில் போன்களை ஓரம் தள்ளிவிட்டு, போன் உட்காரும் அளவில் வைக்கோல் கூடைகள் விற்று நன்றாகவே சம்பாதித்தார். தனசேகர் மட்டும் புதுப்போனைக் கையில் வைத்துக்கொண்டு, பேச ஒருவரும் இல்லாமல் அதில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில் அவரும் ஒரு கூடை வாங்கி, அதில் அந்தப் போனை வைத்து, இப்போதைக்கு மாற்றப்போவதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

கூமுட்டைகள் நிறையத்தான் போயின. கடன்காரப் பெண் ஒருத்தி பொரிந்து வந்து, இப்போதாவது சாப்பிட்டாயா என்று கேட்டவர்களிடம் தன் ஊர் விருத்தாசலம் என்றும், கேட்டது நீங்கள்தான் முதல் ஆள் என்றும் சொன்னாளாம். காளியண்ணன் வீட்டு முட்டை ஒரு காலைநேரம், அவர் ஷெட்டுக்குக் கிளம்பிச் செருப்பைப் போடும்போது விரிசல் விட்டது. அவர் செருப்போடு உள்ளே ஓடினார். போன் தானாகவே ஓர் ஓரமாக நகர்ந்து வழி விட்டது. உள்ளிருந்து கட்டைவிரல் அளவில், ஈரமாக, கறுப்பாக ஒன்று ஓட்டை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதைக் குஞ்சென்று சொல்வதா போனென்று சொல்வதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அது எழுந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறி, ஸ்டாண்டின் மேல் தத்தித் தத்தி நடந்துகொண்டே மணி அடித்தது.

காளியண்ணன் அதை இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, யாரோ அடுப்பைத் தணித்தார்கள், ஓசூரில் தூறல் போடுகிற வாடை வந்தது.

"அப்பா?" என்றது வாணியின் குரல், அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி, ஆனால் நாலு வயசு கூடியிருந்தது. "லைன்ல இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன் சாமி," என்றார் காளியண்ணன். "நீ பேசு. நான் கேக்கறேன்."

எங்கள் ஊரில் போனை எத்தனை வருசத்துக்கு ஒருதரம் மாற்றுவீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் இப்போது கேட்டால், அடையில் இருந்து எழுந்த பிறகு என்று சொல்கிறோம். அவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குத் தீவன மூட்டையோடு அவள் என்ன பேசினாள் என்பதைக் காளியண்ணன் கேட்க மறந்துவிட்டார், அவளும் சொல்லவில்லை. பேச அவர்களுக்கு வேறு நிறைய இருந்தது. பொரிந்த அன்றைக்கு ஷெட்டில் காலை முட்டைகள் பொறுக்க ஆளில்லாமல் உருண்டு கிடந்தன, மத்தியானம் லாரி வந்து ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தது. பாவாயி வெளியே வந்து, முட்டை இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.